ஊசிக்குரலியின் எல்லை

ஏப்ரல் 9, புதன். செம்மேடு

கொல்லிமலை வந்து சேர்ந்தாயிற்று. கொண்டை ஊசி வளைவுகள் முழுவதையும் இவரே ஓட்டினார். பாதி வழியில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. எச்சில் விழுங்கியும் விடவில்லை. மலை ஏறினால் யாருக்கும் ஆவதுதான்.

தனியாகத்தான் வருவதாக இருந்தேன். போன வருடம் சிறுநீரகத்தில் கிருமி தொற்றி, ரத்தத்தில் பரவி, திருச்சி ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்ததிலிருந்து இவர் என்னைத் தனியே எங்கும் விடுவதில்லை. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு, "உன் பூச்சியை நானும் பாக்கறேன் கயல்" என்று கிளம்பிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னோடு காட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. பெட்டியில் இஸ்திரி போட்ட சட்டைகளாக அடுக்கி வைத்திருக்கிறார்.

வந்த காரியத்தை எழுதி வைக்கிறேன். முப்பது வயதுகளில் இதே மலையில்தான் நான் ஊசிக்குரலியைக் கண்டுபிடித்தேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய பச்சைச் சிள்வண்டு. அறிவியல் பெயரும் நான் வைத்ததுதான்; ஆனால் மனதுக்குள் எப்போதும் ஊசிக்குரலி. இலைக்கு அடியில் இலையாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணால் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். குரல்தான் அடையாளம். மூன்று குட்டைக் கீச்சு, ஒரு நெடுங்கீச்சு. அவ்வளவு மெல்லிய, அவ்வளவு உயர்ந்த குரல் எந்தச் சிள்வண்டுக்கும் கிடையாது.

சிறுமலை, பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன், கல்வராயன், ஜவ்வாது. சமவெளிக் கடலுக்குள் தீவுகள் மாதிரி நிற்கும் இந்த ஆறு மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. வரைபடத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். நோய்க்கு முன்பே மற்ற ஐந்தையும் முடித்துவிட்டேன். மிச்சம் இது ஒன்றுதான். மே முடிவதற்குள், அழியும் உயிரினங்களைப் பட்டியலிடும் குழுவுக்கு அறிக்கை போக வேண்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

முதல் மூன்று புள்ளிகளில் நின்றாயிற்று. பழைய வரைபடத்தில் மூன்றுமே சிவப்புப் புள்ளிகள், ஊசிக்குரலி பாடிய இடங்கள். வெயில் ஏறிய பிறகு கால் மணி நேரம் அசையாமல் நின்று கேட்க வேண்டும். பெருஞ்சிள்வண்டு மட்டும் அங்கங்கே ரம்பம் அறுத்தது. ஊசிக்குரலி இல்லை.

கோடை மழை இன்னும் பெய்யவில்லை. மண்ணுக்கடியில் வேரை உறிஞ்சிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும் குஞ்சுகள் முதல் மழைக்குப் பிறகுதான் மேலே வரும். அவசரப்படக் கூடாது.

வாடகை வீட்டுச் சமையலறையில் கேஸ் அடுப்பு சரியாக எரியவில்லை. இவர் வேறு ஓய்வு பெற்றதிலிருந்து வாய்க்குள்ளேயே பேசப் பழகியிருக்கிறார். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். வேப்பம்பூவும் மாங்காயும் போட்டுப் பச்சடி செய்தேன். மத்தியானம் மூன்று மணிக்குப் பிடித்த மழை ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மண் வாசனையில் எனக்கு வயதே குறைந்த மாதிரி இருந்தது.

கடைக்குப் போனபோது இவர் கேட்டார் என்று தீப்பெட்டி வாங்கி வந்தேன். அவர் கேட்டது சீப்பாம். வாய்க்குள் பேசினால் இப்படித்தான். புத்தாண்டு அன்றைக்குச் சண்டை வேண்டாம் என்று இருவருமே விட்டுவிட்டோம். இவர் கையாலேயே தலை வாரிக்கொண்டார்.

ஏப்ரல் 17, வியாழன்

மழைக்குப் பிறகு காடே கத்துகிறது. மரத்துக்கு மரம் பெருஞ்சிள்வண்டு. அடிமரத்தில் குஞ்சுகள் சட்டை உரித்துவிட்டுப் போன கூடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவர் ஒன்றைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "இதுக்குள்ளேர்ந்தா வெளிய வந்துச்சு? முதுகுல ஒரு கீறல் மட்டும்தான் இருக்கு" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த மனிதர் எதையும் பார்த்து வாய் பிளந்து நான் பார்த்ததில்லை.

"சத்தம்தான் தாங்கல. காதுக்குள்ள கம்பி விட்டு இழுக்கற மாதிரி இருக்கு" என்றார்.

"அது பெருஞ்சிள்வண்டு. பழகிடும்" என்றேன்.

ஊசிக்குரலி இல்லை. ஆறு புள்ளிகளில் இல்லை. வரைபடத்தில் ஆறு வெறும் வட்டங்கள் போட்டேன். ஒலிப்பதிவுக் கருவி பையிலிருந்து வெளியே வரவே இல்லை. பாடாததை எதற்குப் பதிவு செய்ய?

ஏப்ரல் 19, சனி

இன்றும் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

வரதப்பனின் காபித் தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்து நடுவில் இருக்கும் பெரிய பலா மரத்தில்தான் ஊசிக்குரலியை முதன்முதலில் பிடித்தேன். உலகத்தில் எங்கே யார் இந்த இனத்தைப் பற்றி எழுதினாலும் அந்த மரம் நிற்கும் இடத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். மரம் இன்னும் பெரிதாகி, காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே போய் நின்றேன். கண்ணை மூடினேன்.

ஒன்றுமில்லை. மரம் ஊமையாக நின்றது. அதன் மேல் கை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, இவர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினேன். கூப்பிட்டுக்கொண்டே வந்தாராம்.

வரதப்பனை அப்போது பார்த்திருக்கிறேன், மீசை முளைக்காத பையனாக. இப்போது பாதி நரைத்துவிட்டது. மனைவி செல்லாயி காபி கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடிக்காமலேயே கேட்டேன்: "என்ன மருந்து அடிக்கிறீங்க?"

"மருந்தா? எங்க தோட்டத்துல மருந்தே அடிக்கறதில்லைங்க மேடம். இயற்கைக் காபின்னு சர்ட்டிபிகேட் வாங்கியிருக்கோம். எங்க காபி விவசாயிங்க சங்கம் மொத்தமும் அப்படித்தானுங்க."

"அப்படின்னா பூச்சி எங்கே போச்சு? இந்த மரத்துல இருந்தது எங்கே?"

"அதெல்லாம் மரம் நிறையக் கத்திக்கிட்டுதானுங்களே இருக்குது."

"அது வேற. உங்களுக்குத் தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொன்ன விதம் செல்லாயிக்குப் பிடிக்கவில்லை. தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பும்போது இவர் வண்டியில் ஏதாவது சொன்னாரா என்று தெரியாது. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது, இப்போதெல்லாம் அவ்வளவு மெதுவாகப் பேசுகிறார்.

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் வாசல் செம்பருத்தியில் தேன்சிட்டு. ஆண். கழுத்து ஊதா நிறத்தில் பளபளத்தது. அலகைத் திறந்து திறந்து மூடியது, ஆனால் கூவவில்லை. வெயில் கொடுமை பறவைகளையும் ஊமையாக்கிவிட்டது போலிருக்கிறது. இந்த வருடம் பறவைக் குரலே குறைவு. இதையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

நாமக்கல்லிலிருந்து ஒரு நிருபர் தேடி வந்தார். ஊசிக்குரலி இந்த மலையில் அழிந்துவிட்டது என்று சொன்னேன். காரணம் கேட்டார். ஆய்வு முடியவில்லை, ஆனால் காபித் தோட்டங்களில் அடிக்கும் மருந்தாக இருக்கலாம் என்றேன். 'இருக்கலாம்' என்று தெளிவாகத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மாவட்டப் பக்கத்தில் நாலு பத்திச் செய்தி. "காபித் தோட்டப் பூச்சிமருந்தால் அரிய சிள்வண்டு அழிந்தது: பேராசிரியை அங்கயற்கண்ணி தகவல்." என்னுடைய 'இருக்கலாம்' எங்கும் இல்லை.

டீக்கடையில் எங்களைக் கண்டதும் பேச்சு நின்றது. சங்கத்தின் சர்ட்டிபிகேட்டை மறுபடி பரிசோதிக்க ஆள் வரப்போகிறதாம், அதுவரை காபி விற்பனைக்குப் போகாதாம். கடைக்காரர் டீயை மேசை மேல் வைத்தார், கையில் தரவில்லை.

இவர் வெளியே வந்து கேட்டார்: "கயல், நீ நிச்சயமா சொல்றியா? அது இங்கே இல்லவே இல்லைன்னு?"

இப்போது மட்டும் நன்றாகக் கேட்கும்படி கேட்கத் தெரிகிறது. "இத்தனை வருஷம் காட்டுல நின்னு கேட்டது நானா, நீங்களா?" என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

கடைசிப் புள்ளியும் முடிந்தது. ஆகாயகங்கை அருவிக்குப் போகும் வழியில், நாவல் மரங்கள் அடர்ந்த பள்ளம். அங்கும் இல்லை. கொல்லிமலை முழுவதும் வெறும் வட்டங்கள். ஆறு தீவுகளில் ஒன்று அழிந்துவிட்டது. அதுவும் அதன் தாய்வீடு.

மகளுக்கு அனுப்ப இவர் போனில் வீடியோ எடுத்தார். "ஏதாவது பேசு" என்றார். மரங்களுக்குக் கீழே நின்று பேசினேன். "நறுமுகை, நீ வயித்துல இருந்தப்போ அம்மா இந்தக் காட்டுலதான் சுத்திக்கிட்டிருந்தேன். அப்போ இந்த மரமெல்லாம் ஊசிக்குரலி பாடும். இப்போ கேட்டுப் பாரு. அமைதி." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். கேமராவை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். இவர் நிறுத்தாமல் இன்னும் கொஞ்ச நேரம் மரங்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

அறிக்கை வரைவு முடிந்தது. நாளை மறுநாள் அனுப்ப வேண்டியதுதான்.

மே 2, வெள்ளி

எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் நறுமுகை கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டார் இவர்.

"அம்மா, அமைதின்னு சொல்லி அழறே. பின்னாடி யாரோ சாணை பிடிக்கிற மாதிரி கீச் கீச்னு ஒரே சத்தம். ஹெட்போன்ல கேக்கவே முடியல, கழட்டி வெச்சிட்டேன்."

"போன் மைக்ல கோளாறா இருக்கும்" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். "கயல், அது வீடியோல மட்டும் இல்ல. அங்கே நின்னப்பவும் இருந்துச்சு. நாம போன எல்லா இடத்துலயும் இருந்துச்சு."

"எது?"

"அதான், கம்பி மாதிரி ஒண்ணு. நீ பெரிய வண்டுன்னு சொன்னியே. பெரிய வண்டு நின்னதுக்கு அப்புறமும் அது மட்டும் தனியாக் கேக்கும்."

வீடியோவைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். என் குரல் கேட்டது. பெருஞ்சிள்வண்டு கேட்டது. என் குரலுக்குப் பின்னால் அமைதிதான் இருந்தது.

மடிக்கணினியில் ஏற்றினேன். ஒலியைப் படமாகக் காட்டும் மென்பொருள் அதில் இருக்கிறது. கீழே கட்டையான ஒலிகள், மேலே போகப் போக மெல்லியவை. என் பேச்சு அடியில் மேகம் மேகமாக நகர்ந்தது. அதற்கு மேல் பெருஞ்சிள்வண்டின் தடித்த பட்டை.

அதற்கும் மேலே, படத்தின் உச்சியில், மூன்று குட்டைக் கோடு, ஒரு நெடுங்கோடு. மூன்று குட்டை, ஒரு நெடில். மூன்று குட்டை, ஒரு நெடில். ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக, எத்தனை வண்டுகளோ, ஓயாமல். நான் "அமைதி" என்று சொல்லும் இடத்தில் அது ஜொலித்தது.

என் கையால் வரைந்து என் கட்டுரையில் அச்சான அதே கோடுகள். உலகத்தில் அந்தக் கோடுகளை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

இவர் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழிந்துவிட்டது என்று நான் எழுதியது என் தலைக்கு மேலேயே பாடிக்கொண்டு இருந்திருக்கிறது. மூன்று வாரமாக அதன் கீழேயே நின்றிருக்கிறேன்.

அறிக்கையை அனுப்பவில்லை.

மே 3, சனி

சமைக்கவில்லை. இவர் உப்புமா கிண்டினார்.

மே 5, திங்கள். நாமக்கல்

காது டாக்டர் நடுவயதுப் பெண். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன், அழுத்தினேன், பிறகு வெகுநேரம் அழுத்த எதுவுமே இல்லை. பரிசோதனை முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியே பார்த்தேன். அந்தப் பெண் இன்னும் பொத்தான்களைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

வரைந்து காட்டினார். கோடு சமமாகப் போய், ஓரிடத்தில் மலை விளிம்பு மாதிரி சட்டென்று கீழே விழுந்தது.

"போன வருஷம் உங்களுக்குப் போட்ட ஊசிங்க. அது இல்லைன்னா நீங்க இன்னைக்கு இங்கே வந்து உக்கார்ந்திருக்க முடியாது. ஆனா சில பேருக்குக் காதோட மேல் சுருதியை எடுத்துக்கிட்டுப் போயிடும். பேச்சு ஓரளவு கேக்கறதால அவங்களுக்கே தெரியாது. மத்தவங்க வாய்க்குள்ள பேசறாங்கன்னு நினைச்சுப்பாங்க."

நான் இவரைப் பார்க்கவில்லை.

"திரும்பி வருமா?"

"வராதுங்க. மெஷின் வெச்சா பேச்சு தெளிவாகும். நீங்க சொல்ற பூச்சிச் சத்தம்..." தலையை மட்டும் ஆட்டினார்.

மாடிப்படியில் இறங்கும்போது மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. இவர் முன்னால் போய் ஆட்டோவை மறித்து நிறுத்தினார்.

மே 7, புதன்

மலைக்குத் திரும்பிவிட்டோம். திருச்சிக்குப் போய்விடலாம் என்றார் இவர். முதல் புள்ளியிலிருந்து மறுபடி தொடங்கப்போகிறேன் என்றேன். "எப்படி?" என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார்.

எப்படி என்றால் இப்படி. ஒலிப்பதிவுக் கருவி இனி பையில் தூங்காது. போகும் இடமெல்லாம் ஓடும். இவர் எனக்கு முன்னால் நிற்பார். கேட்டால் கையைத் தூக்குவார்.

முதல் புள்ளியில் நின்ற உடனேயே தூக்கினார். பள்ளிக்கூடப் பையன் மாதிரி. "மூணு சின்னது, ஒண்ணு பெருசு. சரியா?" கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு இன்னொரு பக்கம் சாய்த்தார். "அங்கேர்ந்து ஒண்ணு பதில் சொல்லுது. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. கயல், இது காடு முழுக்க இருக்கு."

நான் மரங்களைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் வட்டத்தைச் சிவப்பால் நிரப்பினேன்.

மே 10, சனி

வரதப்பன் வீட்டுக்குப் போனேன். இவரை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன்.

செல்லாயி மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. வரதப்பன் வெளியே வந்து நின்றார். வா என்று சொல்லவில்லை.

"பூச்சி உங்க மரத்துல இருக்கு. எனக்குத்தான் காது போயிடுச்சு" என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மற்ற வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

அவர் வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. சொன்னாரோ, எனக்குக் கேட்கவில்லையோ என்று பயந்து, "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்றேன்.

செல்லாயிதான் பேசினாள், முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நன்றாகவே சத்தமாக. "மருந்தடிக்கறவன்னு ஊரெல்லாம் பேசுச்சுங்க. எம் பொண்ணைக் காலேஜுல கேக்கறாங்களாம், உங்கப்பாதானா அதுன்னு. நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிட்டீங்க."

"அதே பேப்பர்ல, அதே பக்கத்துல, நான் சொன்னது தப்புன்னு வரும். பரிசோதனைக்கு வர்றவங்க முன்னாடியும் வந்து சொல்றேன்."

"வரட்டும், பாக்கலாமுங்க" என்றார் வரதப்பன்.

மே 12, திங்கள்

திருத்தம் வெளிவந்தது. நிருபர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், "செவித்திறன் குறைவால் நேர்ந்த பிழை" என்று நான் சொன்னதாகவே எழுத வைத்தேன். தலைப்பு சிறியதுதான், ஆனால் பக்கம் அதேதான். கல்லூரியிலிருந்து தொலைபேசி அழைப்புகள். எடுக்கவில்லை.

பரிசோதகர் முன் போய்ப் பலா மரத்தின் பதிவைப் படமாகக் காட்டினேன். மருந்தடித்த மரத்தில் இத்தனை வண்டு உயிரோடு இருக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சங்கத்துக் காபி மறுபடி மலையிலிருந்து இறங்கலாம் என்று சொல்லிவிட்டார்.

மே 15, வியாழன்

எல்லா வட்டமும் சிவப்பாகிவிட்டது. அதோடு நிற்கவில்லை. கருவி ஓடிக்கொண்டே இருப்பதால் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் நடக்கும் வழியும் பதிவாகிறது. காரவள்ளிப் பக்கம் இறங்கும் சரிவில், நான் அந்தக் காலத்தில் தேடவே தேடாத உலர் காட்டிலும் அந்தக் கோடுகள். என் பழைய வரைபடத்தில் அதன் எல்லை என்று நான் போட்ட கோடு, நான் நடந்து களைத்து நின்ற இடம்தான். அதன் எல்லை இன்னும் எவ்வளவோ கீழே இருக்கிறது.

ஆனால் இன்று எழுத வந்தது அதுவல்ல.

பலா மரத்துப் பதிவை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசிக்குரலியின் கோடுகளுக்கும் மேலே, படத்தில் வழக்கமாகக் கறுப்பாக இருக்கும் வெற்றிடத்தில், மங்கலாக ஒரு சங்கிலி. மேலேறி இறங்கும் சின்னச் சின்ன வளைவுகள், நடுவில் இடைவெளி, மறுபடி வளைவுகள்.

இவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "ஊசிக்குரலிதான் கேக்குது. வேற ஒண்ணுமில்லையே."

அந்தப் பகுதியை மட்டும் வெட்டி நறுமுகைக்கு அனுப்பினேன். "எம்ப்டி ஃபைல் அனுப்பியிருக்கேம்மா" என்றாள்.

கருவியின் கோளாறாக இருக்கும். இரைச்சலாக இருக்கும். இந்த மாதம் நான் ஒரு தடவை ஏமாந்தது போதும்.

மே 16, வெள்ளி

கருவியின் மைக்கை மாற்றினேன். பாட்டரி மாற்றினேன். வீட்டுக்குள் பதிவு செய்தேன், ஒன்றுமில்லை. பலா மரத்தடியில் வைத்தேன், சங்கிலி வந்தது. மேகம் சூரியனை மறைத்தது. சங்கிலி நின்றது. வெயில் வந்தது. சங்கிலி தொடங்கியது. மறுபடி மேகம், மறுபடி வெயில். ஒவ்வொரு தடவையும் அப்படியே.

கருவிக்கு வெயில் தெரியாது. உயிருக்குத்தான் தெரியும்.

மடிக்கணினியை வேரின் மேல் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். வரதப்பன் காபிச் செடிகளுக்கு நடுவில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை.

மே 18, ஞாயிறு

பிடித்துவிட்டோம்.

ஏணியும் நீண்ட மூங்கிலும் வேண்டும் என்று இவர்தான் போய்க் கேட்டார். வரதப்பன் கொடுத்ததோடு நிற்காமல் தானே ஏறினார். கீழே நானும் இவரும் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தோம். இவருடைய இஸ்திரி போட்ட வேட்டி. வரதப்பன் மேலிருந்து கிளை கிளையாக உலுக்கினார். எறும்பு, சிலந்தி, காய்ந்த பூ, ஒரு பச்சோந்திக் குட்டி. ஊசிக்குரலி இரண்டு விழுந்து பறந்தன. அவற்றைக் கண்ணால் பார்த்ததே போதும் என்றிருந்தது எனக்கு.

உச்சிக் கிளையை உலுக்கியபோது புளியங்கொட்டை அளவில் ஒன்று விழுந்தது. மரப்பட்டை நிறம். சிறகு கண்ணாடி. கவிழ்ந்து கிடந்து காலை உதறியது. வலைப்பைக்குள் விட்டுக் கருவிக்குப் பக்கத்தில், வெயிலில் வைத்தேன்.

நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தோம். சூடு ஏற ஏற அதன் வயிறு நடுங்கத் தொடங்கியது. காற்றில் ஒரு சத்தமும் இல்லை. திரையில் சங்கிலி எரிந்தது, அவ்வளவு பிரகாசமாக, திரையின் மேல் விளிம்பு வரை.

வலையோடு சேர்த்து மெல்ல அதை விரல்களுக்கு நடுவில் எடுத்தேன். அதன் உடம்பு முழுவதும் குரலாக இருந்தது. என் விரல் நுனி அதிர்ந்தது. என் நகத்தளவு உயிர் தன் முழு பலத்தோடு கத்திக்கொண்டிருந்தது, எனக்கு, இவருக்கு, வரதப்பனுக்கு, உலகத்தில் காதுள்ள எந்த மனிதருக்கும் கேட்காமல். இந்த இனத்துக்குப் பெயர் கிடையாது. யாரும் கேட்காததால் யாரும் தேடியதில்லை. எந்த மலையில் இருக்கிறது, எதுவரை இருக்கிறது, ஒன்றும் தெரியாது. ஆறு மலைகளுக்கும் மறுபடி போக வேண்டும். ஏழாவது, எட்டாவது மலைகளுக்கும்.

"இது எங்க மரத்துலயா இருந்துச்சு?" என்றார் வரதப்பன். பத்தாம் தேதிக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான்.

"உங்க தாத்தா இந்த மரத்தை நடறதுக்கு முன்னாடியே இந்த மலையில இருந்திருக்கும்" என்றேன்.

மே 20, செவ்வாய்

இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? காலையில் பல் துலக்கும்போது தோன்றியது. பதிவின் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் இறங்கும். எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு இறங்கும். என் காது விளிம்புக்குக் கீழே இறங்கி வரும்வரை குறைக்கலாம்.

இவர் குளித்துக்கொண்டிருந்தார். தனியாகவே முதலில் கேட்டேன். ஊசிக்குரலி. மூன்று குட்டை, ஒரு நெடில். முன்பு ஊசியாக இருந்தது இப்போது குயில் அளவுக்குக் கனத்து, நிதானமாக வந்தது. அதன் நெடிலுக்குள் இத்தனை சுழிவுகள் இருப்பது காது நன்றாக இருந்த காலத்தில்கூட எனக்குத் தெரியாது. துண்டோடு வெளியே வந்த இவர் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மற்றதை நான் இன்னும் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் இதுவல்ல.

மே 21, புதன்

மத்தியானம் வரதப்பன் வீட்டுக் களத்தில், காபிக்கொட்டை காயும் இடத்தில், ஸ்பீக்கரை வைத்தேன். பக்கத்துத் தோட்டக்காரர்களும் வந்திருந்தார்கள், டீக்கடைக்காரரும். பாதிப் பேர் வேடிக்கை பார்க்க, பாதிப் பேர் நான் அடுத்து என்ன தப்பாகச் சொல்லப்போகிறேன் என்று பார்க்க.

"இது உங்க பலா மரத்துல இருந்தும் இன்னைக்கு வரைக்கும் யாருமே கேக்காதது. நானும் இப்பத்தான் முதல் தடவை கேக்கப்போறேன். மெதுவாக்கி வெச்சிருக்கேன், அதனால நமக்குக் கேக்கும்" என்றேன். பொத்தானை அழுத்தினேன்.

முதலில் ஒன்றுமில்லை. டீக்கடைக்காரர் பக்கத்து ஆளைப் பார்த்தார்.

பிறகு அது வந்தது. தண்ணீருக்குள் யாரோ சின்ன மணியை ஆட்டுகிற மாதிரி. ஏறி, ஏறி, மேலே போய் ஒரு கணம் நின்று, குழைந்து இறங்கியது. நிறுத்தம். அந்த நிறுத்தத்துக்குள், வெகுதூரத்திலிருந்து, வேறொரு மரத்திலிருந்து, இன்னொன்று அதையே திருப்பிப் பாடியது. இது முடிக்கும்வரை அது காத்திருந்தது. அது முடிக்கும்வரை இது காத்திருந்தது. பிறகு மூன்றாவது ஒன்று. பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து நாலாவது.

ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்து பலா மரத்தைப் பார்த்தார்கள். இலைகள் வெயிலில் அசைந்தன. இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒவ்வொரு ஒலியும் தெளிவாகக் கேட்டது, எதுவும் விடுபடாமல்.

பதிவு முடிந்து ஸ்பீக்கர் அடங்கியது. செல்லாயி முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றாள். "இத்தனை நாளும் நம்ம தலைக்கு மேலயா இது?" என்று யாரிடமும் இல்லாமல் கேட்டாள்.

வரதப்பன் களத்தில் எனக்கு எதிரே வந்து குந்தி உட்கார்ந்தார். எனக்குக் கேட்க வேண்டுமே என்று முகத்தை நேராக என் பக்கம் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"இன்னொருக்கா வைங்க மேடம்."

வைத்தேன்.